ஆறுவதற்குள்

சிவாஜிநகரில் பள்ளிவாசலைத் தாண்டும்போது நோன்புக் கஞ்சி வாசனை வந்தது. கால் நின்றுவிட்டது.

இறைவனை வணங்கவே மனிதன் படைக்கப்பட்டான் என்று மதரசாவில் படித்த அன்று, தொழுகைப் பாயைவிட்டு எழவே மாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டேன். பத்து வயது வீம்பு. உம்மா கஞ்சித் தூக்கைக் கொண்டுவந்து பாயோரம் வைத்தாள்.

"எதிர்வீட்டு மேரிக்கா ஜுரத்துல கெடக்காங்க. குடுத்துட்டு வா."

"நான் வணக்கத்துல இருக்கேன்மா!"

"இதுவும் வணக்கம்தான்டி. ஆறிடும், ஓடு."

முணுமுணுத்துக்கொண்டே போனேன். மேரி அக்காவால் எழ முடியவில்லை. நானே ஊட்டினேன். பாதிக் கிண்ணம் முடிந்தபோது பள்ளிவாசலில் பாங்கு ஒலித்தது. அக்கா கரண்டியை என் பக்கம் திருப்பினாள்.

"நீ மொதல்ல நோன்பு தொற, கண்ணு."

இன்று கஞ்சி வரிசையில் நின்று, ஆபீஸ் டிபன் டப்பாவை நீட்டினேன். மேல்வீட்டில் தனியாக இருப்பவருக்கு இரண்டு நாளாக ஜுரம்.