ஏரி இல்லாத வரைபடம்

மனாகுவாவில் எவெனோர் சொமர்ரீபா இருபத்தாறு வருஷமாக டாக்சி ஓட்டுகிறான். படிப்பு நாலாம் வகுப்போடு சரி. கார் அவனுடையதல்ல. முதலாளிக்கு வயதாகிவிட்டது, இரண்டு மாசத்தில் விற்றுவிடுவார். அதற்குள் வேறு வேலை பிடித்தாக வேண்டும்.

விமான நிலையத்துக்கு எதிரே ஒரு ஹோட்டலில் வேனுக்கு ஆள் கேட்டார்கள். ஓட்டிக் காட்டினான், திருப்தி. ஆனால் இங்கிலீஷ் வேண்டுமாம். ஏழு சனிக்கிழமை அவர்களே வகுப்பு வைத்தார்கள். வெள்ளிக்கிழமை தேர்வு. தேறினால் வேன், தேறாவிட்டால் நடை.

அந்த வாரம் அவன் ஒரு இடத்தில் உட்காரவில்லை. சிக்னலில் முணுமுணுப்பான். பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோய் நோட்டைப் புரட்டுவான். வியாழன் காலை அவன் பெண்டாட்டி நூபியா அரிசியையும் சிவப்பு பீன்ஸையும் வாணலியில் புரட்டிக்கொண்டே அவன் நோட்டைப் பார்த்துக் கேள்வி கேட்டாள்.

"சாவி பெட்டிக்குள்ள இருக்கு."

"இன்."

"மேஜை மேல இருக்கு."

"இன்."

"யோவ், அது ஆன்! எத்தனை தடவை சொல்றது?"

"நம்ம ஸ்பானிஷ்ல எல்லாத்துக்கும் ஒரே 'என்' போதும்ல? வீட்டுக்குள்ள இருந்தாலும் என், கூரை மேல ஏறினாலும் என், பஸ் ஸ்டாப்புல நின்னாலும் என். இங்கிலீஷ்காரனுக்கு மட்டும் எதுக்கு மூணு? பாக்கறவனுக்குக் கண்ணு இல்லையா?"

"அதை அவன்கிட்டயே கேளு. நீ யாருன்னு சொல்லு பாப்போம்."

"ஐ ஆம் டிரைவர்."

"நடுவுல 'ஏ' எங்க?"

"ஒரு டிரைவர்னு வேற சொல்லணுமா? ரெண்டு டிரைவரா நிக்கிறேன் இங்க?"

"தின்னுறதப் பாத்தா ரெண்டுதான்" என்றாள் நூபியா.

வெள்ளிக்கிழமை ஹோட்டலின் பின்னறையில் தேர்வு. வைத்தவள் இவானியா டீச்சர், வடக்கே எஸ்தெலி ஊர்ப் பக்கத்துப் பெண். கோடிட்ட இடங்களை எப்படியோ நிரப்பிவிட்டான். இன், ஆன், அட் மூன்றையும் மாறி மாறிப் போட்டதில் பாதிக்கு மேல் சரியாக விழுந்தது. அப்புறம் அவள் ஒரு வரைபடத்தை நகர்த்தினாள். நாலு தெரு, ஒரு பூங்கா, ஒரு வங்கி, ஒரு மருந்துக்கடை.

"எவெனோர் சார், நீங்க பூங்கா முன்னாடி நிக்கிறீங்க. மருந்துக்கடைக்கு வழி கேக்கறார் ஒருத்தர். இங்கிலீஷ்ல சொல்லுங்க."

அவன் தாளைத் திருப்பினான். தலைகீழாகத் திருப்பினான். எழுந்தான், உட்கார்ந்தான்.

"ஏரி எங்க டீச்சர்?"

"எந்த ஏரி?"

"நம்ம ஊர்ல வடக்குன்னா ஏரிப் பக்கம்தானே. ஏரியே இல்லாம எது எந்தப் பக்கம்னு எப்படிச் சொல்றது?"

"இது மனாகுவா இல்ல. சும்மா ஒரு ஊர். சொல்லுங்க."

அவன் பெருமூச்சு விட்டு இங்கிலீஷில் ஆரம்பித்தான். லுசெர்னா சினிமா இருந்த இடத்திலிருந்து ஏரிப் பக்கம் ரெண்டு தெரு, அப்புறம் மேலே, அதாவது சூரியன் ஏறுகிற பக்கம், ஒரு தெரு.

"இந்தப் படத்துல சினிமாவே இல்லையே?"

"விழுந்துருச்சு."

"படத்துலயா?"

"எல்லா ஊர்லயும் ஏதாவது ஒண்ணு விழுந்திருக்கும் டீச்சர்."

அவன் பிறந்ததே மனாகுவாவைத் தரைமட்டமாக்கிய பூகம்பத்துக்கு மறுவருஷம். விழுந்த கட்டடங்களில் ஒன்றைக்கூடக் கண்ணால் கண்டதில்லை. ஆனாலும் வாழ்நாள் முழுக்க அவற்றை வைத்துத்தான் வழி சொல்லியிருக்கிறான், கேட்டவனும் போய்ச் சேர்ந்திருக்கிறான்.

இவானியா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "கனடாவுலேருந்து வர்றவருக்கு எது விழுந்துச்சுன்னு தெரியாது. பதினெட்டு மார்க் வேணும். உங்களுக்குப் பன்னெண்டுதான் இருக்கு."

அவனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "அந்த ஆளு எதுக்கு நடக்கணும்? கூட்டிட்டுப் போகத்தானே என்னை வைக்கிறீங்க?"

"அதை இங்கிலீஷ்ல சொல்லுங்க."

சொன்னான். சார், நடக்காதீங்க, ஏன்னா வெயில் கொல்லுது. கடை கிட்டக்கத்தான், ஆனா உங்களுக்கு ஊர் புதுசு. வேன்ல ஏறுங்க, வாசல்ல நிப்பேன், மருந்து வாங்கிட்டு வாங்க, திரும்பக் கொண்டுவந்து விடறேன். பிகாஸ், பட், அண்ட் என்று ஒன்றோடொன்று கோத்து, மூச்சு வாங்கும்வரை நிறுத்தவில்லை. இருபத்தாறு வருஷமாக ரோட்டோரத்தில் ஆள் கூப்பிட்ட வாய்.

டீச்சர் கொஞ்ச நேரம் எழுதினாள். "ஏ, தி எதுவுமே வரல. ஒண்ணுகூட வரல" என்றாள். "ஆனா நானா இருந்தா ஏறியிருப்பேன். பதினெட்டு. திங்கக்கிழமை காலைல அஞ்சு மணிக்கு வந்துடுங்க."

வெளியே வந்தான். நூபியாவைக் கூப்பிடப் போனை எடுத்தான், கூப்பிடவில்லை. நின்றிருந்த மூன்று வேனையும் சுற்றிச் சுற்றி வந்தான். திங்கட்கிழமை எவனாவது நடந்தே போகிறேன், வழியை மட்டும் சொல்லு என்றால்?

திரும்பி உள்ளே போனான். டீச்சர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தாள்.

"அந்த மருந்துக்கடைக்கு எப்படித்தான் போறது?"

"நேரா போய் இடது பக்கம் திரும்பணும்."

"யாருக்கு இடது? வர்றவனுக்கா, போறவனுக்கா?"

அவள் பையைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, மறுபடி அந்தத் தாளை எடுத்தாள்.