முன்பக்கம் லமாஷ்டு, பின்பக்கம் பசூசு

பனியனில் படம் அச்சடித்துப் பிழைப்பவர், தாம் அச்சடிப்பது யாருடைய படம் என்று தேடிப் பார்க்கக் கூடாது. நான் தேடிப் பார்க்கிற ரகம். திருப்பூர் வேலம்பாளையத்தில் ஒரு சின்ன ஸ்கிரீன் பிரிண்டிங் யூனிட்டில் டிசைன் பிரிப்பது என் வேலை. ஆர்டர் கொடுக்கும் பையர் அனுப்பும் படத்தை நிறம் நிறமாகப் பிரித்து, நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன் தயார் செய்து கொடுப்பேன். புலியும் மண்டையோடும் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போன சக பாவிகளே, போன சீசனில் எங்களுக்கு வாய்த்த ஆர்டர் சுமேரியாவும் பாபிலோனும். இன்றைய ஈராக் பக்கம் ஆயிரக்கணக்கான வருஷங்களுக்கு முன் வாழ்ந்து மண்ணாகிப் போனவர்கள். போனவர்கள் பேசாமல் போயிருக்கலாம்.

கண் திறப்பு

முதல் டிசைன் ஒரு சுமேரியக் கோயில் சிலை. நெஞ்சுக்கு நேரே கை கோத்து நிற்கும் ஆள். முகத்தில் பாதி கண்தான். வழக்கம்போலத் தேடிப் பார்த்தேன். அந்த ஊர்க்காரர்கள் தங்களுக்குப் பதிலாக ஒரு கல் பொம்மை செய்து கோயிலில் வைத்துவிட்டு, வேலைவெட்டியைப் பார்க்கப் போய்விடுவார்களாம். ஆள் வயலில் இருந்தாலும் பொம்மை கண்கொட்டாமல் சாமியைக் கும்பிட்டபடி நிற்கும். நம் பக்கத்துக் கோயில்களில் நேர்ந்துகொண்டு மண் பொம்மை செய்து உருவாரம் வைக்கிற மாதிரிதான் என்று நினைத்துக்கொண்டு ஸ்கிரீன் போட்டேன்.

அந்த டிசைனில் கறுப்பு கடைசி நிறம். அதனால் டேபிள் நெடுக ஒட்டியிருந்த துணிகளில் அதுவரை குருட்டு முகங்களாகவே கிடந்தன. பிரிண்டிங் மாஸ்டர் முருகேசன் கறுப்பு ஸ்கிரீனை வைத்து இழுத்துக்கொண்டே போகப்போக, ஒவ்வொன்றாகக் கண்ணைத் திறந்தது. பட்டப்பகல், தலைக்கு மேல் ஃபேன், பக்கத்தில் பத்துப் பேர். இருந்தும் எனக்கு முதுகு சில்லிட்டது. செக்கிங் பார்க்கும் செல்வியக்கா, காய்ந்த பீஸ்களையெல்லாம் முகம் கீழே போகக் கவிழ்த்து அடுக்கிக்கொண்டிருந்தார். அப்படிக் கவிழ்த்தால் பிரிண்ட்டை எப்படிச் சரிபார்ப்பது என்று கேட்டேன். அவர் கை நிற்கவில்லை.

"கும்புட்டுட்டு நிக்கறாங்க, சரிங்க. யாரைப் பாத்துக் கும்புடறாங்கன்னு தெரியலீங்களே. நம்மளைன்னா ஆகாதுங்க."

ஆணி எழுத்து

அடுத்தது பாபிலோனிய எழுத்து. ஈரக் களிமண்ணில் குச்சியால் குத்திக் குத்தி எழுதியது. ஆணி ஆணியாக இருக்கும். சூடு பட்டால் உப்பி எழும்பும் மையில் அடிக்கச் சொல்லியிருந்தார்கள். சட்டை மெஷினுக்குள் தட்டையாகப் போகும். மறுபுறம் வரும்போது எழுத்தெல்லாம் எழுந்து நிற்கும். தடவிப் பார்த்தால் விரலுக்கு என்னவோ சொல்கிற மாதிரி இருக்கும். வாழ்த்துகிறதா சபிக்கிறதா என்று தெரியாத ஒன்றைத் தடவிக்கொண்டிருப்பது நல்ல அனுபவம் இல்லை.

இதில் எது தலை, எது கால் என்று யாருக்கும் பிடிபடவில்லை. சாம்பிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து எனக்குக் கழுத்து வலித்தது. ஆர்டரைக் கவனித்துக்கொண்ட மெர்ச்சண்டைசர் தினேஷிடம், பையரைக் கேட்டுச் சொல்லுங்கள் என்றேன். அவருக்குச் சரக்கை வண்டி ஏற்றுகிற அவசரம்.

"அடிச்சு அனுப்புங்க. போடறவனுக்கும் தெரியாது, பாக்கறவனுக்கும் தெரியாது. எழுதுனவன் வந்து கேட்டாப் பாத்துக்கலாமுங்க."

அவளும் அவனும்

மூன்றாவது டிசைனில்தான் வினை வந்தது. முன்பக்கம் ஒரு பெண். சிங்கத் தலை, கழுதைக் காது, பறவைக் கால், கைக்கொரு பாம்பு, மார்பில் நாயும் பன்றியும் பால் குடிக்கின்றன. பெயர் லமாஷ்டு. கர்ப்பிணி இருக்கும் வீடு தேடி வந்து வயிற்றைத் தொடுவாள், தொட்டால் பிள்ளை தங்காது என்று பாபிலோன்காரர்கள் நடுங்கியிருக்கிறார்கள். பின்பக்கம் பசூசு என்று இறக்கை வைத்த ஒருவன். அவனும் பேய்தான், ஆனால் அவள் பயப்படுகிற பேய். அந்தக் காலத்துத் தகடுகளிலேயே ஒரு பக்கம் அவளையும் மறுபக்கம் அவனையும் வைத்து வீட்டில் மாட்டியிருக்கிறார்கள். ஒருத்தியை மட்டும் தனியாக விடக்கூடாது என்ற விவரம் அவர்களுக்கு இருந்தது.

பையருக்கு இல்லை. ஸ்கிரீன் எல்லாம் தயாரான பிறகு, பின்பக்கம் ப்ளைனாக இருந்தால் போதும் என்று மெயில் வந்தது. முருகேசன் விவரம் கேட்டார். அவள் ஒரு பேய், அவன் அவளை விரட்டுகிறவன் என்று மட்டும் சொன்னேன். மிச்சத்தைச் சொல்ல வாய் வரவில்லை. அவர் மனைவி கவிதாவுக்கு அப்போது எட்டாம் மாதம். இதற்கு முன் உண்டான இரண்டும் நிலைக்கவில்லை. முருகேசன் ஸ்கிரீனைத் துடைத்தபடி சிரித்தார்.

"அவனை நிறுத்திப்போட்டு அவளை மட்டும் அடிக்கச் சொல்றாரா? அவருக்கென்னங்க, அடிக்கறது நம்ம எடத்துலதானுங்களே."

வீட்டுக்குப் போன பீஸ்

திருப்பூரில் யாரும் வீட்டில் போடக் காசு கொடுத்துப் பனியன் வாங்குவதில்லை. மை சிந்தியது, தையல் கோணியது என்று கழிந்த பீஸ்தான் குடும்பத்துக்கே உடுப்பு. நான் அதை மறந்துபோயிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை நல்லூரில் முருகேசன் வீட்டுக்குப் பழம் வாங்கிக்கொண்டு போனேன். கவிதா கதவைத் திறந்தார். நைட்டிக்கு மேல் தொளதொளவென்று ஒரு சட்டை. அதில் லமாஷ்டு.

நெஞ்சுக்குப் போட்ட படம் வயிற்றின் மேல் இறங்கி உட்கார்ந்திருந்தது. அவர் மூச்சு விடும்போதெல்லாம் பாம்பு பிடித்த கைகள் மெல்ல விரிந்து மடங்கின. எனக்கு நிஜமாகவே பயமாக இருந்தது. எதையாவது பேச வேண்டுமே என்று, உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். அவர் வயிற்றின் மேல் கை வைத்துச் சந்தோஷமாகத்தான் சொன்னார்.

"முன்னெல்லாம் ஓயாம ஒதைச்சுட்டே இருக்குமுங்கண்ணா. நேத்திருந்து இந்தச் சட்டையைப் போட்டிருக்கறேன், அசையாம சமத்தா இருக்குதுங்க."

கழுவாத ஸ்கிரீன்

முருகேசனை வாசலுக்கு இழுத்து வந்து, பிள்ளை அசையவில்லை என்றால் இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றேன். ஆட்டோவும் நானே பிடித்தேன். குழந்தையின் இதயத்துடிப்பு மந்தமாக இருக்கிறது, படுக்க வைத்துக் கவனிக்க வேண்டும் என்றார் டாக்டர். மாற்றுடை கொடுத்ததால் சட்டை ஒரு பையில் முருகேசன் கைக்கு வந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் அதை விரித்து வெகுநேரம் பார்த்தார். இவள் என்ன செய்கிறவள் என்று கேட்டார். இந்த முறை முழுவதையும் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. யூனிட்டுக்குப் போகலாம் என்றார். கேன்சல் ஆன ஸ்கிரீனை அன்றைக்கே கழுவி அடுத்த டிசைனுக்குக் கொடுப்பது எங்கள் வழக்கம். கதவைத் திறந்து பார்த்தால், பசூசுவின் ஸ்கிரீன் மட்டும் தொட்டி ஓரத்தில் அப்படியே சாய்ந்திருந்தது. யார் கழுவாமல் விட்டார்கள் என்று இன்றுவரை தெரியவில்லை. சட்டையைக் கவிழ்த்து ஒட்டி, முருகேசனே மை ஊற்றி இழுத்தார். காய்ந்ததும் மடித்துக் கொண்டுபோய்க் கவிதாவின் தலையணைக்கு அடியில் வைத்தார்.

மறுநாள் விடிந்ததும் ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டார்கள். பெண் குழந்தை. எடை குறைவென்று கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்து, தேறிய பிறகுதான் தாயிடம் கொடுத்தார்கள். அன்று முருகேசன் எனக்கு போன் செய்தார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று முதலில் புரியவில்லை. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"கட்டல் கம்பில அந்தச் சட்டை கெடக்குதுங்க. பாப்பா எங்க மொகத்தைப் பாக்கவே மாட்டீங்குதுங்க, அதையேதான் பாத்துட்டு இருக்குது. அவ பக்கத்தை இல்லீங்க, அவன் பக்கத்தை."

அதற்குப் பிறகு எந்தப் பையர் எந்தப் படத்தைக் கேன்சல் செய்தாலும், பின்பக்கத்து ஸ்கிரீனைக் கழுவ எங்கள் யூனிட்டில் ஒருவருக்கும் அன்றைக்கு நேரம் இருப்பதில்லை.