முதலில் பின்சீட்டைப் பாருங்கள்

போன வாரம் மைதீனோட புது பைக், பனவடலிசத்திரம் ரோட்டில் ஒரு மினிபஸ்ஸுக்கு நேர் எதிரே போய் நின்றது. இடிக்கவில்லை. டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

"அண்ணாச்சிக்கு எந்த ஊரு?"

"இந்த ஊருதான்" என்றான் மைதீன்.

பின்னால் இருந்த அவன் மனைவி ஜமீலா இறங்கினாள். அதே மினிபஸ்ஸில் ஏறி வீட்டுக்குத் திரும்பிவிட்டாள்.

நான் என் மொபெட்டில் பின்னால் வந்துகொண்டிருந்தேன். எல்லாம் பார்த்தேன்.

மைதீன் என் கூட்டாளி. வளைகுடாவில் ரொம்ப வருஷம் கார் ஓட்டினவன். இப்போது வேலையை முடித்துக்கொண்டு ஊரோடு வந்துவிட்டான். ஜமீலா பனவடலிசத்திரம் பக்கம் அங்கன்வாடி டீச்சர். ரெண்டு பஸ் மாறி, அப்புறம் நடை. முட்டுவலி வேறு. அங்கிருந்து போன் பேசும்போதெல்லாம் இவன் சொன்னது ஒன்றுதான் — "நான் வந்துட்டா தினம் பைக்ல கொண்டு விடுதேன். நீ பஸ் ஏறவே வேண்டாம்."

அந்த ஒரு வாக்குக்காகத்தான் பைக்.

ஷோரூமுக்கு என்னையும் கூட்டிப் போனான். கண்ணு பெரிய வண்டி மேலே. விற்கிற தம்பியும் விடவில்லை.

"இதுல பிக்கப் நல்லாருக்கும் சார்."

"பிக்கப் எதுக்கு? அந்த ரோட்டுல ஆடுதான் குறுக்க வரும்" என்றேன்.

"மாப்ள, பாலைவனத்துல எட்டு சிலிண்டர் வண்டி ஓட்டுனவன் நான்" என்றான் மைதீன்.

"அதுக்குக் கீழ விழத் தெரியாது. இதுக்குத் தெரியும்."

உங்களில் யாராவது ரொம்ப நாள் கழித்து பைக் வாங்கப் போகிறீர்களா? எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். ஏறி உட்கார்ந்தால் ரெண்டு பாதமும் தரையில் முழுசாகப் படணும். ஓடுகிற வண்டியை நாம் கீழே போடுவதில்லை... நிற்கிற வண்டியைத்தான் போடுவோம். சின்ன இன்ஜின் போதும்; மைதீனையும் கடைசியில் அதைத்தான் வாங்க வைத்தேன். செல்ஃப் இருந்தாலும் கிக்கரும் இருக்கட்டும். வாங்குவதற்கு முன்னால் லைசென்ஸ் தேதியைப் பாருங்கள். மைதீனுடையது எப்போதோ முடிந்திருந்தது; புதுப்பிக்க வேண்டி வந்தது.

முக்கியமாக, பின்னால் உட்காரப் போகிற ஆளையும் ஷோரூமுக்குக் கூட்டிப் போங்கள். நாங்கள் கூட்டிப் போகவில்லை. வண்டி வீட்டுக்கு வந்த பிறகுதான் ஜமீலா கேட்டாள்.

"அண்ணே, இதுல சாரி கார்டு எங்க? என் பர்தா வீலுக்குள்ள போறதுக்கா?"

மறுபடி ஷோரூமுக்குப் போய் மாட்டிக்கொண்டு வந்தோம்.

அப்புறம் சந்தை மைதானத்தில் பழக்கினேன். ஆட்டோமேட்டிக் கார் ஓட்டினவனுக்குக் கிளட்ச் மறந்துபோயிருந்தது. நாலு நாளில் வந்துவிட்டது. வட்டம் அடித்தான், எட்டு போட்டான். "போதும், ரோட்டுக்குப் போ" என்றேன்.

மைதானத்தில் இடது, வலது கிடையாது. அதை நான் யோசிக்கவில்லை.

அவன் இருந்த நாட்டில் எல்லாரும் ரோட்டுக்கு வலதுபக்கம் போவார்கள். மூளை ஊருக்கு வந்துவிட்டது. கை இன்னும் அங்கேயே இருக்கிறது. அன்றைக்குப் பெட்ரோல் பங்க் வலதுபக்கம். டேங்க் நிரப்பி வெளியே வந்தவன், அப்படியே வலதுபக்கமே போய்விட்டான். அப்புறம்தான் மினிபஸ்.

மறுநாள் ஜமீலா பஸ்ஸில் போனாள். "உங்க வாக்கு எனக்கு வேண்டாம். என் முட்டுவலியே போதும்" என்று சொல்லிவிட்டுப் போனாளாம்.

மைதீன் வண்டியை எடுத்தான். அந்த பஸ்ஸுக்குப் பின்னாலேயே போனான். பஸ் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம். நின்றால் நின்றான். புகையெல்லாம் குடித்தான். சாயங்காலம் திரும்பும்போதும் அதே. ஜமீலா பஸ்ஸின் பின்சீட்டில் உட்கார்ந்து கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

வாரம் பூரா இதுதான். கண்டக்டர் கேட்டாராம், "டீச்சர், பின்னாடி வார ஆளுக்கும் ஒரு டிக்கெட் போட்டுருவோமா?"

நேற்று காலை பஸ் ஸ்டாப்பில் பஸ் வந்தது. ஜமீலா ஏறவில்லை. பின்னால் வந்த பைக்கில் ஏறினாள்.

"ஒரு கண்டிஷன்" என்றாள்.

"சொல்லு."

"வாயால சொல்ல மாட்டேன்."

அவன் இடது தோளில் கையை வைத்தாள். பங்க் வாசலில் ஒரு அமுக்கு. முக்கு திரும்பும்போது ஒரு அமுக்கு. நான் பின்னாலேயே போய்ப் பார்த்தேன். வண்டி கோடு பிசகவில்லை.

கம்பெனிக்காரன் கொடுத்திருக்கிற இடதுபக்க இன்டிகேட்டர் ரோட்டில் போகிறவர்களுக்குத்தான். ஓட்டுகிறவனுக்குத் தெரிகிற மாதிரி ஒன்று தனியாக மாட்ட வேண்டியிருக்கிறது.