வியாபாரி என்று ஒரு வசவு

என்னை யாராவது திருடி என்று சொல்லியிருந்தால் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்துவிட்டு வந்திருப்பேன். உழவர் சந்தை அதிகாரி என்னை வியாபாரி என்றார். அதை மட்டும் வாங்கிக்கொண்டு வீடு திரும்பினேன்.

செம்பட்டிப் பக்கம் எங்களுக்கு முக்கால் ஏக்கர் கத்தரி. பறித்ததை நானே திண்டுக்கல் உழவர் சந்தைக்குக் கொண்டுபோய், பலகையில் எழுதிப் போட்ட விலைக்கு விற்பேன். விவசாயி என்று போட்டோ ஒட்டிய அட்டை இருந்தால்தான் உள்ளே இடம். அன்று பக்கத்துக் காட்டுக்காரிக்குக் காய்ச்சல். அவள் பறித்து வைத்த வெண்டைக்காய் வதங்கிப் போகுமே என்று என் கூடையோடு ஏற்றிக்கொண்டு போனேன். அதிகாரி அட்டையைப் பார்த்தார், வெண்டையைப் பார்த்தார். "அடுத்தவங்க காயை விக்கிறவங்க விவசாயி இல்லம்மா, வியாபாரி" என்று அட்டையை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகு நாலு வருஷம் கமிஷன் கடைதான். தராசு அவர்கள் கையில், விலையும் அவர்கள் வாயில். நான் விளைவித்த காய்க்கு முன்னால் நானே கைகட்டி நிற்பேன்.

போன மாதம் ஊர்ச் சமுதாயக் கூடத்தில் பயிற்சி வைத்தார்கள். பேச வந்தவர் அதே அதிகாரி. விவசாயிகள் சேர்ந்து கம்பெனி தொடங்க வேண்டுமாம், பக்கத்துக் காட்டுக் காயையும் வாங்கி விற்க வேண்டுமாம், எல்லோரும் வியாபாரிகளாக மாறினால்தான் முன்னேற்றமாம். அடப்பாவி! ஆளுக்கொரு நியாயம் பார்த்திருக்கிறேன். வருஷத்துக்கொரு நியாயம் அன்றுதான் பார்த்தேன். எழுந்து, இதைத்தானே நான் அன்றைக்கே செய்தேன் என்று கேட்டேன். கூடமே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

"அப்ப மேல இருந்து அப்படிச் சொன்னாங்க, இப்ப இப்படிச் சொல்றாங்க. நான் என்னம்மா பண்ண?" என்றார். கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது. கொஞ்சம்தான்.

மறுநாள் வீட்டுக்கே வந்தார். கம்பெனிக்குப் பெண் இயக்குநர் ஒருவர் கட்டாயம் வேண்டும், நாலு பேர் முன்னால் பேசத் தெரிந்தவள் நான்தான் என்றார். முதலில் என் அட்டையைக் கொடுங்கள் என்றேன். அவர் தயங்கித் தயங்கி விதியைச் சொன்னார். இயக்குநர் ஆகிவிட்டால் நான் வியாபாரி. வியாபாரிக்கு உழவர் சந்தை அட்டை கிடையாது.

எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. "அப்ப வேற ஆளப் பாருங்க சார். அட்டையோட வந்தா கையெழுத்துப் போடுறேன், இல்லைனா இல்ல" என்றேன்.

மூன்றாம் நாள் அட்டையையும் கம்பெனித் தாள்களையும் ஒன்றாகக் கொண்டுவந்தார். அட்டையை வாங்கி மடியில் செருகிக்கொண்ட பிறகுதான் பேனாவைத் தொட்டேன். அந்த விதியைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. நானும் கேட்டு வைக்கவில்லை. கேட்டால் அதற்கு மறுபடி உயிர் வந்துவிடும்.