கடைசி வரிசை வரைக்கும் சுண்ணாம்பு அடித்த காத்தாயி அக்கா

காத்தாயி அக்கா போய்விட்டார்.

காலையில் கோத்தகிரியிலிருந்து அவர் மகன் செல்வராஜ் போன் பண்ணினான். தொண்ணூறு தாண்டிய உடம்பு... எதிர்பார்த்ததுதான். பேத்தியின் போனில் தட்டுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

"சித்தி, அம்மா கடைசி ரெண்டு நாளா இங்கிலீசுல என்னமோ சொல்லிக்கிட்டே இருந்துச்சு. எங்க யாருக்கும் வெளங்கல" என்றான்.

எனக்கு விளங்கியது. நான் சொல்லிக்கொடுத்த இங்கிலீஷ் அது.

அக்காவும் நானும் இங்கே றொசல்லவுக்கு மேலே ஒரே தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர்கள். தோட்டத்து எல்லையில் ஒரு பட்டாளத்து மயானம் இருந்தது. இரண்டாவது உலக யுத்தத்தில் செத்த சிப்பாய்கள்... வெள்ளைக்காரர்கள், ஆப்பிரிக்கர்கள், கடைசி வரிசையில் நம் ஆட்கள் நாலைந்து பேர்.

அதில் ஒரு கல் அக்காவின் புருஷன் முனியாண்டி அண்ணனுடையது. பட்டாளத்தில் ரோடு போடுகிற வேலைக்குப் போய் காய்ச்சலில் செத்தவர். செல்வராஜ் அப்போது வயிற்றில்.

தோட்டத்தில் செத்தால் நமக்கு ஏது கல்... புதைத்த இடத்தில் தேயிலைதான் வரும். அதனால் அக்காவுக்கு அந்தக் கல் மேல் அப்படி ஒரு பெருமை.

"எங்க வீட்டுக்காரர் பேரக் கல்லுல வெட்டியிருக்காங்க புள்ள. தொரைக்குக்கூட இன்னும் வெட்டல!" என்று சொல்லிச் சிரிப்பார்.

அறுபதுகளின் நடுவில், தோட்டத்து ஆட்களைப் பிரித்துக்கொள்ள இந்தியாவோடு ஒப்பந்தம் போட்ட நேரம். யார் இங்கே இருப்பது, யாரை இந்தியாவுக்கு அனுப்புவது என்று வீட்டுக்கு வீடு, லயத்துக்கு லயம் அதே பேச்சு.

அக்காவுக்குப் பிரஜாவுரிமை இல்லையென்று ஏற்கனவே சொல்லிவிட்டார்கள். இந்தியாவை அவர் கண்ணால் பார்த்தது கிடையாது. பிறந்ததும் இந்த மலைதான், தாலி கட்டியதும் இந்த மலைதான்.

அப்போதுதான் மயானத்தைப் பார்க்கக் கொழும்பிலிருந்து ஒரு பெரிய மனிதர் வருவதாகச் செய்தி. பாதையைச் சுத்தம் பண்ண எங்களில் கொஞ்சப் பேரை அனுப்பினார்கள். கேட்டிலிருந்து நடுவில் நிற்கிற சிலுவைத் தூண் வரைக்கும், பாதை ஓரத்துக் கல்லுக்கெல்லாம் சுண்ணாம்பு அடிக்க வேண்டும்.

"அதுக்கு அங்கிட்டு யாரும் போக மாட்டாங்க. அது போதும்" என்றார் கங்காணி.

அக்கா கேட்கவில்லை. மிச்சச் சுண்ணாம்பில் தண்ணீரை ஊற்றி ஊற்றி, சிலுவையிலிருந்து முனியாண்டி அண்ணன் கல் வரைக்கும் அடித்துவிட்டார். கடைசிக் கற்களில் வெள்ளையே ஏறவில்லை.

"வெள்ளக் கல்லப் பாத்தா அப்புடியே நடந்து வந்துருவாங்கள்ல புள்ள? வந்தா கேட்டுருவேன். புருசன் இங்க படுத்திருக்கையில என்னைய எங்க அனுப்புறீங்கன்னு..."

பெரிய மனிதருக்குத் தமிழ் தெரியாது என்றார்கள். அஞ்சாவது வரைக்கும் படித்த நான்தான் அந்த மலையிலேயே பெரிய இங்கிலீஷ் புலவர்!

"சார், திஸ் மை ஹஸ்பண்ட். ஐ ஸ்டே ஹியர்."

ஒரு வாரம் கொழுந்து பறித்துக்கொண்டே சொல்லிப் பார்த்தார். பக்கத்து நிரையில் இருந்தவர்களுக்கெல்லாம் மனப்பாடம் ஆகிவிட்டது.

அன்றைக்குத் துவைத்த சேலை உடுத்தி, டேலியாப் பூவை மாலையாகக் கட்டி எடுத்துக்கொண்டு அண்ணன் கல் பக்கத்தில் போய் நின்றார். நான் கொஞ்சம் தள்ளி ஒரு டர்பன்டைன் மரத்தடியில்.

பெரிய மனிதர் வந்தார். சிலுவையில் மலர்வளையம் வைத்தார். பிகில் ஊதினார்கள். பிறகு நிமிர்ந்து, வெள்ளைக் கல் போகிற வழியைப் பார்த்தார். சத்தியமாகப் பார்த்தார். எங்கள் பக்கமாகக் காலும் எடுத்து வைத்தார்.

அக்கா வாயைத் திறந்துவிட்டார்.

அதற்குள் தூறல். யாரோ ஓடிவந்து குடையை விரித்து, பங்களாவில் டீ ரெடி என்று அவரைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு போனார்கள். டீ! நாங்கள் பறித்த டீ!

ஓடிப்போய்க் கூப்பிட்டிருக்கலாமே என்பீர்கள். கங்காணியும் போலீசும் நடுவில் நிற்கும்போது எங்கே ஓடுவது... இரண்டு பேரும் நின்ற இடத்திலேயே நின்றோம். மழை வலுத்து, அந்தத் தண்ணீர்ச் சுண்ணாம்பு கரைந்து புல்லில் ஓடியது.

"நல்ல மனுசனாத்தான் தெரியிறாரு. மழ வந்துருச்சு... அவரு என்னா செய்வாரு" என்றார் அக்கா.

எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் போகவில்லை.

பிறகு இந்தியாவுக்குப் போக அக்காவின் முறை வந்தது. வெளியூர்க் கடையில் வேலையில் இருந்த செல்வராஜும் வந்து சேர்ந்தான். றொசல்ல ஸ்டேஷனில் இரண்டு பேரையும் கோச்சி ஏற்றினோம். தலைமன்னார் போய், அங்கிருந்து கப்பல். எல்லோரும் கட்டிப்பிடித்துக் கதறுகிறார்கள், அக்கா மட்டும் ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்து, "கல்லுல பாசி ஏறாமப் பாத்துக்க புள்ள" என்றார்.

முடிந்தவரைக்கும் பார்த்துக்கொண்டேன். இப்போது முழங்கால் மயானத்துப் படி ஏற விடுவதில்லை.

போன வருஷம் பேத்தி போய் போட்டோ எடுத்து வந்தாள். பார்வையாளர்கள் போகும் வழி என்று அம்புக்குறி போட்டு போர்டு வைத்திருக்கிறார்கள். அம்பு சிலுவையைச் சுற்றி கேட்டுக்கே திரும்பி வருகிறது.

செல்வராஜிடம் அந்த இங்கிலீஷுக்கு அர்த்தம் சொன்னேன். அவனுக்குப் பின்னால் சாவுத் தப்பு அடிக்கிற சத்தம் கேட்டது.

"எடுக்கப் போறாங்க சித்தி" என்று போனை வைத்துவிட்டான்.

போயிட்டு வாங்க அக்கா. அண்ணன் இங்க... நீங்க அங்க...

நான் என்னா செய்வேன்.