சனிக்கிழமைக் கையெழுத்து

அயல்நாட்டுக்காரர் ஒருவர் நம் வீட்டில் வந்து தங்கினால் இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் சி படிவம் கொடுக்க வேண்டும். இது மூக்கண்டப்பள்ளியில் வீடு வாடகைக்கு விடுகிற பலருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும் என்பது எப்படியோ பரவிவிட்டதால், போன மாதம் எதிர்வீட்டுக்காரர் தம் மாடியில் குடியேறிய ஜெர்மன் இன்ஜினீயருக்காக ஒரு படிவத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். வருவாய்த் துறையில் முப்பத்தைந்து வருஷம் இருந்தவளுக்குக் காலிப் படிவத்தைக் கண்டால் கை சும்மா இருக்காது. பூர்த்தி செய்து கொடுத்தேன். 'எந்நாட்டுப் பிரஜை' என்ற கட்டத்தில் 'ஜெர்மனி' என்று எழுதும்போதுதான், என் சிறுவயதில் நான் பார்த்த முதல் ஜெர்மனிக்காரன் நினைவுக்கு வந்தான். தான் ஜெர்மனிக்காரன் இல்லை என்று அவன் சொன்னான். இல்லை என்று ஜெர்மனியும் சொன்னது. எங்கள் போலீஸ் ஸ்டேஷன் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை.

இரண்டாம் உலக யுத்த காலம். எனக்கு ஒன்பது வயது. அப்பா ஓசூரை அடுத்த ஒரு சிறிய ஸ்டேஷனில் ரைட்டர். அங்கே இருந்த பதிவேடு அத்தனையும் அவர் கையெழுத்தில்தான் இருக்கும். ஸ்டேஷனும் எங்கள் வீடும் ஒரே காம்பவுண்டுக்குள். ஊருக்கு வெளியே, ராணுவத்துக்காகக் கோவேறு கழுதைகளைப் பழக்கும் முகாம் ஒன்று திறந்திருந்தார்கள். அந்த முகாமுக்குச் சிப்பாயாக வந்து சேர்ந்தவன் அவன்.

அவன் யூதன். அவன் அப்பா ஜெர்மனியில் கடிகாரக் கடை வைத்திருந்தவர். ஆளுங்கட்சிக்காரர்கள் யூதர்களின் கடைகளை உடைக்க ஆரம்பித்ததும் பெற்றோர் பதினெட்டு வயது மகனை மட்டும் பம்பாய்க்குக் கப்பல் ஏற்றிவிட்டார்கள். ஒரு டிக்கெட்டுக்குத்தான் வழி இருந்தது. பம்பாயில் ஒரு பட்டறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது யுத்தம் மூண்டது. ஜெர்மன் பிரஜை என்று பிடித்து முள்வேலி முகாமில் போட்டார்கள். யாருக்குப் பயந்து ஓடி வந்தானோ அந்தக் கட்சிக்காரர்களும் அதே வேலிக்குள் இருந்தார்கள், அடுத்த கட்டிலில். இரண்டு வருஷம் மனுப் போட்டு வெளியே வந்தவன், மறுபடி மனுப் போட்டு ராணுவத்தில் சேர்ந்தான். இதற்குள் ஜெர்மனி, தேசத்தை விட்டுப் போன யூதர்கள் யாரும் தன் பிரஜைகள் இல்லை என்று சட்டம் போட்டுவிட்டது. ஆனாலும் எதிரி நாட்டுப் பிரஜை சனிக்கிழமைதோறும் ஸ்டேஷனில் கையெழுத்திட வேண்டும் என்பது விதி. அவனுக்கு விலக்கு அளிக்கும் உத்தரவு பின்னால் வரும் என்று மேலிடம் எழுதியிருந்தது. பின்னால் என்றால் எவ்வளவு பின்னால் என்று எழுதவில்லை. ஆகவே அரசாங்கத்துக்காகச் சண்டைபோடக் காக்கி உடுத்தியவன், அரசாங்கத்தின் எதிரியாக வாரம் ஒருமுறை கையெழுத்திட வந்தான்.

வந்த இடத்தில் ஒரு சிக்கல். யூதர்களுக்கு ஓய்வுநாள் வெள்ளிக்கிழமை அந்தியில் தொடங்கி, சனிக்கிழமை வானத்தில் மூன்று நட்சத்திரம் தெரிந்த பிறகுதான் முடியும். அதுவரை எழுதக் கூடாது.

"கழுதைக்குத் தண்ணி காட்டலாமா?" என்று அப்பா கேட்டார்.

"காட்டலாம். பாவம், அதுக்குத் தாகம் தெரியும், கிழமை தெரியாது. எழுதறது மட்டும் கூடாது. நீ கோவிச்சுக்காத."

அவன் தமிழும் கன்னடமும் கற்றது கழுதை பழக்குகிறவர்களிடம். கழுதையை யாரும் வாங்க போங்க என்பதில்லை. ஆகவே அவன் எல்லாரையும் நீ என்றுதான் பேசுவான். அப்பா முதல் வாரம் முகம் சிவந்தார், இரண்டாவது வாரம் பழகிக்கொண்டார். விதியை எடுத்துப் படித்தார். சனிக்கிழமை என்று இருந்ததே தவிர மணி இல்லை. அரசாங்கத்தின் சனிக்கிழமை இரவு பன்னிரண்டு வரைக்கும் உண்டு. அவனுடையது மூன்று நட்சத்திரத்தோடு முடிந்துவிடும். இரண்டுக்கும் நடுவே கிடைத்த இடைவெளியில் அப்பா பேனாவை நீட்டினார்.

நட்சத்திரம் எண்ணுகிற வேலை எனக்கு. அவன் கண்ணாடி சோடாப் புட்டிக் கனம். நான் வெளியே போய் மூன்று எண்ணிவிட்டு ஓடிவந்து சொன்னால் அவன் கையெழுத்திடுவான். "இவ்வளவு எதுக்கு? இங்க யாரு பாக்கறாங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"முகாம்ல போட்டத எல்லாம் தின்னேன் பாப்பா. பூஜை இல்ல, ஒண்ணும் இல்ல. எல்லாம் போச்சு. இது ஒண்ணு இருக்கு" என்றான்.

ஐப்பசி மாதம் எவனோ ஒரு புண்ணியவான் மொட்டைப் பெட்டிஷன் போட்டான். ஸ்டேஷனில் ஜெர்மன் ஒற்றனை இருட்டிய பிறகு ரகசியமாகச் சந்திக்கிறார்கள் என்று. அடுத்த சனிக்கிழமையே கிருஷ்ணகிரியிலிருந்து இன்ஸ்பெக்டர் வந்து அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மத்தியானத்திலிருந்தே வானம் மூடிக் கிடந்தது. அவன் ஆறு மணிக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தான்.

"எனக்கு ஏழரைக்குக் கரி பஸ். ஏழு மணிக்கு ரிஜிஸ்டர மூடிருவேன். கையெழுத்து இல்லேன்னா காலையில ரெண்டு கான்ஸ்டபிளப் போட்டுப் பழைய முள்வேலிக்கே அனுப்பிருவேன். என்னய்யா ரைட்டர், புரியுதா?"

"அவுங்க வழக்கம் சார். நட்சத்திரம் பாக்கணும்."

"எதுக்கு, பொண்ணு பாக்கப் போறானா?"

கான்ஸ்டபிள் ஒருவர் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. யுத்தத்துக்காகப் பஸ்களைப் பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓட்டி, நாட்டின் கடிகாரங்களை எல்லாம் ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்திருந்த காலம் அது. ஒரே உத்தரவில் சூரியனை நகர்த்திய அரசாங்கத்துக்கு இவன் ஒரு மணி நேரம் நகராமல் உட்கார்ந்திருப்பது திமிராகத் தெரிந்ததில் வியப்பில்லை.

முள்வேலிக்குள் அடுத்த கட்டில்காரர்கள் செய்ததை அவன் சொல்லிக் கேட்டிருக்கிறேன். தூங்கும்போது செருப்பை எடுத்துத் தண்ணீர்த் தொட்டியில் போடுவார்கள், போர்வையில் எச்சில் துப்புவார்கள்.

"போயி பாரு பாப்பா" என்றான். போனேன். மேகம். திரும்பி வந்து தலையை ஆட்டினேன்.

"மேகமா இருந்தா எட்டு மணி வரைக்கும் நான் இருக்கணும்" என்றான் இன்ஸ்பெக்டரிடம். "நீ இரு. நான் எட்டுக்குப் போடறேன்."

அவர் வாழ்நாளில் யாரும் அவரை நீ என்று சொல்லி, இரு என்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். பதிவேட்டை இழுத்து, பேனாவின் மூடியைத் திருகித் திறந்தார். 'வரவில்லை' என்ற பத்தியில் எழுதுவதற்கு. கடிகாரம் ஏழுக்கு மூன்று நிமிஷம் காட்டியது.

"இன்னொரு தடவ பாத்துட்டு வரட்டும் சார்" என்றார் அப்பா. பிறகு என் பக்கம் திரும்பி, "நல்லாப் பாத்துட்டு வா" என்றார்.

அதற்கு முன்னால் எந்தச் சனிக்கிழமையும் அவர் 'நல்லா' என்று சொன்னதில்லை.

வெளியே வேப்ப மரத்தின் உச்சி தெரியவில்லை. மழை பிடித்துக்கொண்டது. நடுமுற்றத்தில் நின்று வானத்தையே பார்த்தேன். கண்ணுக்குள் தண்ணீர்தான் விழுந்தது. சாமி மனம் இரங்கி ஒன்றாவது காட்டமாட்டாரா என்று நின்றேன். உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. ஓடினேன்.

"மூணு தெரியுது" என்றேன்.

இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். அப்பா சுவரைப் பார்த்தார். அவன் என்னை உச்சியிலிருந்து கால்வரை நிதானமாகப் பார்த்தான். எழுந்து வந்து, பேனாவை வாங்கி, பெயரை முழுதாக எழுதினான். எப்போதும் வேகமாகக் கிறுக்குகிறவன் அன்றைக்கு ஒவ்வொரு எழுத்தாக எழுதினான்.

மறுமாதம் கழுதைகளோடு பர்மா எல்லைக்கு ரயிலேறினான். திரும்பினானா என்பதற்கு எந்த அலுவலகத்திலும் காகிதம் இல்லை; பிற்காலத்தில் நான் தேடிப் பார்த்தேன். விலக்கு உத்தரவு அவன் போன பிறகு மூன்று பிரதிகளில் வந்தது.

கையெழுத்திட்ட அன்று ஸ்டேஷனை விட்டு அவன் கிளம்பும்போது என் தலையில் கை வைத்தான். பிறகு அந்தக் கையைத் தன் சட்டையில் துடைத்துக்கொண்டான். "மூணு. சரி பாப்பா" என்றான். ஒரு பெரிய மனிதனை, அதுவும் கண்ணாடி போட்டவனை, இவ்வளவு சுலபமாக ஏமாற்றிவிட்டேனே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் பின்னலிலிருந்தும் பாவாடையிலிருந்தும் மழைத் தண்ணீர் சொட்டி, ஸ்டேஷன் தரையில் குளமாகத் தேங்கி நின்றது.