மஞ்சூர் பஸ்ஸுக்கு ஏற்ற டெக்

ஊட்டியிலிருந்து மஞ்சூர் போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார் அந்த அம்மா. புடவைக்கு மேல் ஸ்வெட்டர், காதை மூடிய மஃப்ளர், கையில் போனில் ஒரு சீட்டு விளையாட்டு. பெரிய வளைவு வரும் முன்பெல்லாம் போனை மடியில் கவிழ்த்துவிடுவார்.

நானும் அதே விளையாட்டைத்தான் ஆடிக்கொண்டிருந்தேன். இன்னும் ஒரு ஆட்டம் வென்றால் உச்ச ரேங்க். ஐம்பது வயதில் எனக்கு வேறு பதவி உயர்வு எதுவும் வரப்போவதில்லை. ஆட்டத்துக்கு நாமே பொறுக்கிச் சேர்க்கும் சீட்டுக்கட்டுதான் டெக்; இணையப் பட்டியலில் முதலிடம் பிடித்த டெக்கை ஒரு சீட்டு பிசகாமல் அடுக்கியிருந்தேன்.

அவர் எட்டிப் பார்த்தார். "ஏனுங்க, இந்த டெக்கு இங்க ஆகாதுங்க."

"இருக்கறதுலயே பலமான டெக்குங்க இது!"

"இதுல ஜெயிக்க வெக்கற டிராகன் சீட்டு எறங்கறதுக்குப் பத்து ரவுண்டு ஆகுமுங்க. அதுக்குள்ள வளைவு வந்து சிக்னல் போயிரும். லிஸ்ட் போட்டவங்க மஞ்சூர் பஸ்ல வந்திருக்காங்களா?"

ஒன்பதாவது ரவுண்டில் சிக்னல் போனது. "டிரைவர், வண்டிய பின்னால எடுங்க!" என்று எழுந்து அலறினேன். பஸ் நின்றது.

கண்டக்டர் ஓடி வந்தார். "நெஞ்சு வலிங்களா?"

டிராகன் என்று சொல்ல வாய் வரவில்லை. தலையாட்டினேன். நாலு பேர் நெஞ்சை நீவிவிட, ஆட்டத்தில் தோற்றேன்.

அந்த அம்மா மட்டும் பதறவில்லை. இறங்கும்போது குனிந்து சொன்னார்: "திரும்பி வரும்போது ஏத்தமுங்க. வண்டி மெதுவாப் போகும், ரெண்டு ரவுண்டு சேத்திக் கெடைக்கும். அதுக்கு வேற டெக்கு வெச்சிருக்கறனுங்க."

பின்னாலேயே ஓடிப்போய் அது என்ன டெக் என்று கேட்டிருப்பேன். நெஞ்சு வலிக்காரன் நடக்கக் கூடாது என்று கண்டக்டர் விடவில்லை.